கைகுலுக்க வைத்தேன், ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை

கேள்வி: நான் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. பத்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் இரண்டு ஆசிரியைகளுக்கு நடுவே ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. ஒருவர் கணக்கு, நீண்ட அனுபவம் உள்ளவர். இன்னொருவர் அறிவியல், சேர்ந்து மூன்று வருடம், நன்றாகப் பாடம் நடத்துபவர். பள்ளி முடிந்த பின் நடக்கும் சிறப்பு வகுப்பு நேரம் பல வருடமாகக் கணக்குக்கு இருந்தது. இந்த ஆண்டு அதை அறிவியலுக்கு மாற்றினேன். அதன் பிறகு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் கணக்கு ஆசிரியை, "சிலருக்கு மட்டும்தான் பிள்ளைகள் மேல் அக்கறை போலிருக்கிறது" என்று எழுதினார். அறிவியல் ஆசிரியை குழுவிலிருந்து வெளியேறிவிட்டார். இப்போது ஸ்டாஃப் ரூமில் இரண்டு அணி. மதிப்பெண் பட்டியலைக்கூட ஒரு மாணவன் கையில் கொடுத்தனுப்புகிறார்கள். இருவரையும் என் அறைக்கு அழைத்துப் பேசிக் கைகுலுக்க வைத்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வெளியிலிருந்து ஒரு மத்தியஸ்தரை அழைக்கலாமா? கணக்கு ஆசிரியைக்குக் கோச்சிங் (ஒரு கோச் தனியாக உட்கார்ந்து கேள்விகள் கேட்டு, அவரே வழி கண்டுபிடிக்க உதவுவது) ஏற்பாடு செய்தால் சரியாகுமா? இல்லை, ஒருவரைக் கீழ் வகுப்புகளுக்கு மாற்றிவிடுவதுதான் நல்லதா?

பதில்:

அன்புள்ள தலைமையாசிரியைக்கு,

கடிதத்தில் இருவர் செய்ததும் தெளிவாக இருக்கிறது. நீங்கள் செய்ததை மட்டும் "அறிவியலுக்கு மாற்றினேன்" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எதற்காக மாற்றினீர்கள், மாற்றும் முன் யாரிடம் பேசினீர்கள், கணக்கு ஆசிரியைக்கு அந்தச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பதெல்லாம் அதில் இல்லை. பல பள்ளிகளில் இது அறிவிப்புப் பலகையில் ஒட்டிய புது டைம்டேபிள் வழியாகத்தான் தெரியவரும். சில இடங்களில் மாணவர்கள் வந்து சொல்லித்தான் ஆசிரியருக்கே தெரியும். உங்கள் பள்ளியில் எப்படி நடந்தது என்பதை முதலில் நினைத்துப் பாருங்கள். மத்தியஸ்தர் வரலாமா வேண்டாமா என்பது அதன் பிறகு வரும் கேள்வி.

நான் பார்த்தவரை இங்கே மூன்று விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. மாலை நேரம் யாருக்கு என்பது ஒன்று. அந்த வாட்ஸ்அப் வரி இன்னொன்று. அது மரியாதை சம்பந்தப்பட்டது. மூன்றாவது, இந்தப் பள்ளியில் இப்படிப்பட்ட முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்பது. இதில் இரண்டாவது மட்டும்தான் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது. முதலாவது உங்கள் அதிகாரத்தில் இருக்கிறது. மூன்றாவது முழுக்க உங்களுடையது. நீங்கள் எடுத்த முடிவை அவர்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசித் தீர்க்கச் சொன்னால், நியாயமாக உங்களிடம் காட்ட வேண்டிய கோபத்தையும் அவர்கள் ஒருவர் மேல் ஒருவர் கொட்டித் தீர்ப்பார்கள். ஆறு மாதமாக நடப்பது பெரும்பாலும் இதுதான் என்று நினைக்கிறேன். தலைமையாசிரியையிடம் கோபப்பட முடியாது. பக்கத்து மேசையில் இருப்பவரிடம் கோபப்படலாம், அதில் ஆபத்து குறைவு.

கைகுலுக்கல் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது. உங்கள் அறையில், உங்கள் மேசைக்கு எதிரே, அடுத்த ஆண்டு யாருக்கு எந்த வகுப்பு என்று எழுதப்போகிறவர் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது யார்தான் கையை நீட்ட மாட்டார்கள்? அவர்கள் உங்களுக்காகக் கைகுலுக்கினார்கள். நேரம் யாருக்கு என்பதும் அந்த வரியின் காயமும் அன்று பேசப்படவே இல்லை.

இப்போது உங்கள் மூன்று யோசனைகளுக்கு வருகிறேன்.

இடமாற்றம் வேண்டாம், குறைந்தது இப்போதைக்கு. ஒருவரைக் கீழ் வகுப்புக்கு அனுப்பினால் பள்ளி முழுவதும் அதைத் தீர்ப்பாகத்தான் படிக்கும். போகிறவர் தோற்றவர், இருப்பவர் ஜெயித்தவர். ஸ்டாஃப் ரூமில் இரண்டு அணி என்று நீங்களே எழுதுகிறீர்கள்; தோற்ற அணி அப்படியே அங்கேதான் இருக்கும். எல்லாம் பேசி முடிந்த பிறகு அவர்களில் ஒருவர் தானாகவே வேறு வகுப்பு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். அது வேறு கதை.

மத்தியஸ்தர் வரலாம். வெளியாள்தான் வர வேண்டும் என்றும் சொல்வேன். ஃப்ரீட்ரிக் கிளாசல் என்ற ஆஸ்திரிய அறிஞர், சச்சரவுகள் முற்றும் விதத்தை ஒன்பது படிகளாகப் பிரித்தார். முதல் மூன்று படிகளில் இரு தரப்புக்கும் நல்லபடியாக முடிய இடம் உண்டு. அடுத்த மூன்றில் ஒருவர் ஜெயித்தால் இன்னொருவர் தோற்றாக வேண்டும் என்றாகிவிடுகிறது. கடைசி மூன்றில் நான் விழுந்தாலும் பரவாயில்லை, அவர் விழ வேண்டும் என்ற நிலை. நான்காவது படியின் முக்கிய அடையாளம், ஆள் சேர்ப்பது. பாடத்தைப் பற்றிய பேச்சு போய், யார் நம் பக்கம் என்ற கணக்கு ஆரம்பிக்கும். உங்கள் ஸ்டாஃப் ரூம் அங்கே வந்து நிற்கிறது. ஆரம்பத்தில் என்றால் இருவரும் மதிக்கும் ஒரு சக ஆசிரியர் பேசியிருக்கலாம். இப்போது பள்ளிக்குள் யாரைப் போட்டாலும் அவர் எந்த அணி என்றுதான் முதலில் பார்ப்பார்கள். உங்களாலும் முடியாது, டைம்டேபிள் போடும் உதவித் தலைமையாசிரியர் இருந்தால் அவராலும் முடியாது.

அதற்கு முன் ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் மத்தியஸ்தத்துக்கு அனுப்பக் கூடாது. மிரட்டல், பாலியல் தொல்லை, ஒருவரது பிறப்பையோ உடலையோ இழிவாகப் பேசியது, மதிப்பெண்ணில் கைவைத்தது, குழந்தைகளின் பாதுகாப்பு ஆகியவற்றில் எது இருந்தாலும் அது விசாரணைக்குப் போக வேண்டியது. பாதிக்கப்பட்டவரை எதிரே உட்கார வைத்து "நீங்களும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்று சொல்வது இரண்டாவது அநியாயம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் இருவரிடமும் தனித்தனியாக, "நீங்கள் சொல்லாத, எனக்குத் தெரியாத ஏதாவது நடந்திருக்கிறதா?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

அந்த மாணவனின் கையில் பட்டியல் போவதை நாளைக்கே நிறுத்துங்கள். இதற்குப் பேச்சுவார்த்தை எதுவும் தேவையில்லை, உங்கள் உத்தரவு போதும். பதினைந்து வயதுப் பையனுக்கு எந்த டீச்சர் எந்த டீச்சரோடு பேசுவதில்லை என்று தெரிந்தால் வகுப்பு முழுவதற்கும் தெரியும். அப்புறம் அவர்களுக்கும் ஒரு பக்கம் எடுக்கத் தோன்றும். பட்டியல்கள் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து போகட்டும்.

சரி, மாலை நேரத்துக்கு வருவோம். மத்தியஸ்தர் வருவதற்கு முன் இருவரையும் தனித்தனியாகப் பார்த்து இரண்டு விஷயம் சொல்லுங்கள். ஒன்று, "இந்த மாற்றத்தை உங்களிடம் பேசாமல் செய்தேன், அது சரியில்லை" (அப்படித்தான் நடந்தது என்றால்). இரண்டு, அந்த நேரத்தில் எது மாறலாம், எது மாறாது. எத்தனை மணி வரை கட்டடம் திறந்திருக்கும், வாரத்தில் எத்தனை நாள், பிள்ளைகள் எத்தனை மணிக்கு மேல் இருக்கக் கூடாது, இவை உங்கள் வரம்புகள். அந்த வரம்புக்குள் எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை அவர்கள் கையில் விடத் தயாரா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். தயார் இல்லை என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லி, காரணத்தோடு உங்கள் முடிவை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேச இடம் உண்டு என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, முடிவை ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பதுதான் மிக மோசமானது. ஆசிரியர்கள் அதை ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மத்தியஸ்தர் என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் பலர் அவரைப் புத்தி சொல்லும் பெரியவர் என்று நினைத்து ஏமாந்துபோகிறார்கள். அவர் தீர்ப்புச் சொல்ல மாட்டார், யார் சரி என்றும் சொல்ல மாட்டார். முதலில் ஒவ்வொருவரையும் தனியாக ஒரு மணி நேரமாவது சந்திப்பார். என் அனுபவத்தில் பாதி வேலை இங்கேதான் நடக்கிறது. அணியில் இருப்பவர்கள் எல்லாம் தலையாட்டியே பழக்கப்படுத்திவிட்ட ஒருவருக்கு, தலையாட்டாமல், அதே நேரம் குறுக்கே பேசாமல் கேட்கும் ஆள் கிடைப்பது பெரிய விஷயம். "அந்த வரியை எழுதும்போது யார் படிக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்ற கேள்விக்கு, "தலைமையாசிரியை" என்று பதில் வந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பிறகுதான் இருவரும் ஒன்றாக உட்காருவது. இதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். பெல் அடித்ததும் ஓட வேண்டிய இலவச பீரியடில் இதை வைக்காதீர்கள். உங்கள் அறை வேண்டாம். கண்ணாடிக் கதவு உள்ள அறையும் வேண்டாம். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் பேசக் கூடாது. முடித்ததும், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, சரியாகக் கேட்டேனா என்று காட்டினால் போதும். வகுப்பில் குழந்தைகளிடம் தினமும் செய்ய வைக்கும் இந்த வேலை, ஆசிரியர்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இந்த உட்காருதலின் மையம், வாயால் கேட்பதற்கும் உள்ளே வேண்டுவதற்கும் உள்ள இடைவெளி. மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்கச் சிந்தனையாளர் 1925-ல் ஆற்றிய உரையில் ஒரு சின்ன நிகழ்ச்சியைச் சொல்கிறார். ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சிறிய அறையில் ஒருவர் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்றார், ஃபாலெட் மூட வேண்டும் என்றார். கடைசியில் ஆளில்லாத பக்கத்து அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். யாரும் பாதி விட்டுக்கொடுக்கவில்லை. திறக்கச் சொன்னவருக்குத் தேவை காற்று. அந்தக் குறிப்பிட்ட ஜன்னல் அல்ல. ஃபாலெட்டுக்கு வேண்டியது, வாடைக்காற்று நேராகத் தன்மேல் அடிக்காமல் இருப்பது.

உங்கள் இருவர் விஷயத்திலும் ஒரு ஊகம் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குத் தேவை தினமும் கொஞ்ச நேரம் பயிற்சி. வாரத்துக்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் கணக்குப் போட வைத்தால் அடுத்த வாரத்துக்குள் மறந்துவிடும். அறிவியலில் அப்படியில்லை. செய்முறைக்குப் பொருள் எடுத்து வைக்க, செய்ய, கழுவி வைக்க ஒரு பீரியட் போதாது. வாரம் ஒரு நாள் நீண்ட நேரம் கிடைத்தால் பெரிய உதவி. "மாலை நேரம் யாருக்கு?" என்று கேட்கும்வரை ஒருவர்தான் ஜெயிக்க முடியும். "பிள்ளைகளுக்கு எந்தப் பாடத்தில் எப்படிப்பட்ட நேரம் வேண்டும்?" என்று கேட்டால், தினமும் அரை மணி ஒருவருக்கும், வாரம் ஒரு நீண்ட மாலை இன்னொருவருக்கும் என்று பிரிய வாய்ப்பு இருக்கிறது. இதை நீங்கள் போய்த் தீர்வாக அறிவித்துவிடாதீர்கள். அவர்களே கண்டுபிடித்தால்தான் ஜூரம் வந்த நாளிலும், தேர்வு வந்த வாரத்திலும் அது நிலைக்கும்.

நேரத்தைப் பிரித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று எண்ண வேண்டாம். அந்த வாட்ஸ்அப் வரி பாக்கி இருக்கிறது. தன் நேரம் போனதற்குக் காரணம், அறிவியல் ஆசிரியை உங்களிடம் வந்து கேட்டு வாங்கியதுதான் என்று கணக்கு ஆசிரியை நம்பிக்கொண்டிருக்கலாம். அறிவியல் ஆசிரியை கேட்கவே இல்லாமல் நீங்களாகக் கொடுத்திருக்கலாம். லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-ல் எழுதிய ஒரு விஷயம் இங்கே பொருந்தும்: மற்றவர் செய்வதைப் பார்க்கும்போது சூழ்நிலையின் பங்கைக் குறைத்து, ஆளின் குணத்தின் பங்கைக் கூட்டிப் போட்டுவிடுகிறோம். என் வகுப்பு பத்து நிமிடம் நீண்டால் பாடம் முடியவில்லை என்று அர்த்தம். அவர் வகுப்பு நீண்டால் அடுத்தவர் பீரியடை மதிக்காத ஆள். ஆறு மாதத்தில் இப்படி எத்தனை சேர்ந்திருக்கும் என்று பாருங்கள். இவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, "நான் பார்த்தது இது, நான் நினைத்துக்கொண்டது இது" என்று பிரித்துச் சொல்ல வைப்பது மத்தியஸ்தரின் வேலை. மன்னிப்பு வந்தால் வரட்டும். யாரும் கேட்டு வாங்க வேண்டாம். கேட்டு வாங்கிய மன்னிப்பு உங்கள் கைகுலுக்கல் மாதிரிதான்.

முடிவில் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒப்பந்தம் எழுதினால் போதும். "ஒருவரையொருவர் மதிப்போம்" என்ற வரி அதில் இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள், அதைச் சரிபார்க்க வழியே இல்லை. "வகுப்பு நேரம் நீளும் என்றால் முந்தைய நாளே நேரில் சொல்வோம்", "ஒருவர் மேல் குறை இருந்தால் குழுவில் எழுதும் முன் அவரிடம் சொல்வோம்" என்ற மாதிரி, நடந்ததா இல்லையா என்று கேட்டால் ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய வரிகள் வேண்டும். நான்கு வாரம் கழித்து மத்தியஸ்தர் மறுபடி வரும் தேதியை அன்றே குறித்துவிடுங்கள். இந்த இரண்டாவது சந்திப்பைத்தான் எல்லாப் பள்ளியும் "இப்போதுதான் நன்றாக இருக்கிறார்களே" என்று ரத்து செய்கிறது. செய்யாதீர்கள்.

ரகசியம் பற்றி முன்கூட்டியே எழுத்தில் இருக்கட்டும். அறையில் பேசியது அறையில் நிற்கும், ஆண்டு மதிப்பீட்டில் வராது, உங்களுக்குக் கிடைப்பது அவர்கள் இருவரும் சேர்ந்து சொல்லலாம் என்று ஒப்புக்கொண்டது மட்டும். குழந்தைகளுக்கு ஆபத்து என்று ஏதாவது தெரியவந்தால் மட்டும் இதற்கு விலக்கு. மத்தியஸ்தரைத் தனியாகக் கூப்பிட்டு "உண்மையில் யார் மேல் தப்பு?" என்று கேட்கும் ஆசை வரும். கேட்டுவிட்டால் அந்த மத்தியஸ்தரால் அதற்குப் பிறகு உங்கள் பள்ளியில் எந்தப் பயனும் இல்லை.

கோச்சிங் பற்றிய உங்கள் கேள்வியில் எனக்கு ஒரு தயக்கம். கணக்கு ஆசிரியைக்கு மட்டும் என்று ஏன் கேட்டீர்கள்? வெளியே தெரியும்படி எழுதியவர் அவர் என்பதால் இருக்கலாம். ஆனால் அவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், "பிரச்சினை நீங்கள்தான்" என்று எழுதிக் கொடுத்த மாதிரி. தண்டனையாக அனுப்பப்பட்டவர் கோச் முன்னால் உட்கார்ந்து சரியான பதில்களைச் சொல்லிவிட்டு வருவார், அவ்வளவுதான்.

கோச்சிங் வேலை செய்ய ஆளுக்கே அது வேண்டும் என்று தோன்ற வேண்டும். ஜான் விட்மோர் என்ற பிரிட்டிஷ் கோச் பரவலாக அறிமுகப்படுத்திய ஒரு எளிய வரிசை இருக்கிறது: எங்கே போக வேண்டும், இப்போது எங்கே இருக்கிறேன், என்னென்ன வழிகள் உண்டு, அவற்றில் எதைச் செய்யப்போகிறேன். கோச் இந்த நான்கு கேள்விகளைச் சுற்றித்தான் வருவார், பதில்கள் ஆசிரியையுடையவை. கணக்கு ஆசிரியைக்கு இது, மேலே இருப்பவர் மேல் உள்ள வருத்தத்தை மேலே இருப்பவரிடமே சொல்லும் பழக்கத்தைத் தரலாம். அறிவியல் ஆசிரியைக்கும் தேவை உண்டு: பல வருடமாக ஒருவர் வளர்த்து வைத்த இடத்துக்குள் நுழையும்போது எப்படி நுழைவது, குழுவிலிருந்து வெளியேறுவதைத் தவிர வேறு என்ன செய்திருக்கலாம் என்பது. இருவருக்கும் மத்தியஸ்தம் முடிந்த பிறகு, விருப்பம் இருந்தால், என்று பொதுவாக வழி திறந்து வையுங்கள். மத்தியஸ்தரே கோச்சாகவும் இருக்க வேண்டாம். கோச் ஒருவரின் வளர்ச்சிக்காக அவர் பக்கம் நிற்பவர்; மத்தியஸ்தர் யார் பக்கமும் நிற்கக் கூடாதவர்.

முதல் கோச்சிங் உங்களுக்கு என்று சொன்னால் கோபப்பட மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பிடிக்காத முடிவை நேரில் உட்கார வைத்துச் சொல்வது, எதிரே இருப்பவர் அழுதாலும் குரல் உயர்த்தினாலும் அங்கேயே இருப்பது, இவை யாருக்கும் பிறவியில் வருவதில்லை. ஆசிரியராக இருந்து தலைமையாசிரியர் ஆகும்போது பாடம் நடத்தும் திறமை கூடவே வருகிறது, இது வருவதில்லை. மூன்று நான்கு அமர்வுகளில்கூட நல்ல மாற்றம் தெரியும்.

மற்ற ஆசிரியர்கள்? கூட்டம் போட்டு அறிவிக்க வேண்டாம். யாராவது வந்து, "நேற்று அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தால், "அதை அவர்களிடமே சொல்லிவிட்டீர்களா?" என்று கேளுங்கள். இரண்டு வாரத்தில் இந்தப் போக்குவரத்து குறையும். வாட்ஸ்அப் குழுவை அறிவிப்புகளுக்கு மட்டும் என்று ஆக்கிவிடுங்கள், எல்லோருக்கும் நிம்மதி.

ஒருவர் மத்தியஸ்தத்துக்கு வர மறுக்கலாம். மறுக்க அவருக்கு உரிமை உண்டு, அதை அவர் கணக்கில் எழுதாதீர்கள். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது நட்பை அல்ல, நடத்தையை: மாணவர்கள் முன்னால் ஒருவரைப் பற்றி ஒருவர் பேசக் கூடாது, பிள்ளைகள் சம்பந்தமான தகவல் அதே நாளில் போய்ச் சேர வேண்டும், ஸ்டாஃப் மீட்டிங்கில் ஒருவர் பேசும்போது மற்றவர் எழுந்து போகக் கூடாது. இவை இருவருக்கும் ஒரே தாளில், ஒரே வார்த்தைகளில் போகட்டும். பிடிக்காதவரோடு ஒழுங்காக வேலை செய்பவர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள், அவர்களால் எந்தக் குழந்தையும் கெட்டுப்போவதில்லை.

திருப்புதல் தேர்வுகள் நெருங்குவதற்கு முன் ஆரம்பித்துவிடுங்கள், அதன் பிறகு யாருக்கும் இரண்டு மணி நேரம் கிடைக்காது. அழைக்கும்போது நீளமாகப் பேச வேண்டாம். "இந்த நேர மாற்றத்தை நான் கையாண்ட விதத்தால் உங்கள் இருவருக்கும் கஷ்டம் வந்திருக்கிறது. வெளியிலிருந்து ஒருவர் வந்து உங்கள் இருவரோடும் பேச ஏற்பாடு செய்ய நினைக்கிறேன். நான் அந்த அறையில் இருக்க மாட்டேன். வேண்டாம் என்றாலும் சரி." இவ்வளவுதான், இருவருக்கும் இதே வார்த்தைகள், முடிந்தால் ஒரே நாளில். பதிலுக்கு இரண்டு நாள் கொடுங்கள். உடனே சம்மதம் சொன்னாலும் அந்த இரண்டு நாளை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்கள் முன்னால் நின்றுகொண்டு சொல்லும் சம்மதம் எவ்வளவு நாள் தாங்கும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.